கல்லூரி ஊழியர்களுக்கான நடத்தை விதிகளும் பதிப்புரிமையும்: கையெழுத்திடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு தலைமுறைக்கு முன்பு பேராக் தோட்டங்களில் வேலை விதிகள் வாயால் சொல்லப்பட்டன. விடியற்காலைப் பெரட்டில் கேட்டதே விதி. சிக்கல் வந்தால் கிராணியிடமோ, தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடமோ போய்ச் சொல்லலாம். பால்மரம் வெட்டிய அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஈப்போ, கம்பார், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், தஞ்சோங் மாலிம் வட்டாரங்களில் உள்ள கல்லூரிகளில் விரிவுரையாளர்களாகவும் ஆய்வுக்கூட உதவியாளர்களாகவும் நூலகப் பணியாளர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விதிகள் கட்டுக்கட்டாகத் தாளில் வருகின்றன. பலர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டு நிலைமைகளை எண்ணிப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் தனியார் கல்லூரியில் பாடம் நடத்திய ஒருவர், தாம் தயாரித்த குறிப்புகளை எடுத்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போகிறார். மூன்றாம் மாதம் வழக்கறிஞர் கடிதம் வருகிறது. இன்னொருவர் அலுவலகக் குமாஸ்தா. "நீங்களே விலகிக்கொண்டால் நல்லது" என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பப்படுகிறார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருக்கிறார். பிறகு புகார் செய்யப் போனால் காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். இருவருமே கெட்ட எண்ணம் இல்லாதவர்கள். விதி தெரியாததுதான் அவர்களுக்கு வந்த வினை.

ஊழியரைக் கட்டுப்படுத்தும் விதிகளே அவரைக் காக்கவும் செய்கின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தக் காப்பு கிடைக்கும்.

முதல் கேள்வி: உங்கள் முதலாளி யார்?

கல்லூரி வளாகத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் ஒரே சட்டம் இல்லை.

தனியார் கல்லூரி, தனியார் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டமும் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் எல்லாச் சம்பள நிலையினரையும் உள்ளடக்குகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு மிகைநேரச் சம்பளம் போன்ற சில பிரிவுகள் மட்டும் பொருந்தா. வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்ததும், மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததும் அதே திருத்தத்தில்தான்.

அரசு போலிடெக்னிக், சமூகக் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கழகம் ஆகியவற்றின் ஊழியர்கள் அரசாங்க ஊழியர்கள். 1969இல் ஈப்போவில் தொடங்கிய நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் இதில் அடங்கும். இவர்களுக்கு 1993ஆம் ஆண்டு பொதுச் சேவை ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகள் பொருந்தும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் ஊழியர்களுக்கு 2000ஆம் ஆண்டின் சட்டபூர்வ அமைப்புகள் ஒழுங்குச் சட்டம் உண்டு.

துப்புரவு, பாதுகாவல் வேலையில் இருப்பவர்களின் முதலாளி பெரும்பாலும் கல்லூரி அன்று, குத்தகை நிறுவனம். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புகார் கடிதம் அந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும்.

ஒப்பந்தமும் ஊழியர் கையேடும்

வேலை ஒப்பந்தத்தில் "நிறுவனத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியால் ஊழியர் கையேடு முழுவதும் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். ஆகவே கையெழுத்திடும் முன் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். மலாயோ ஆங்கிலமோ புரியாத இடம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று பகுதிகளைக் கட்டாயம் பாருங்கள்: வெளிவேலை, அறிவுசார் சொத்து, வேலை நீக்கம். மாலையில் டியூஷன் நடத்துவது, வார இறுதியில் வேறு கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுப்பது ஆகியவற்றுக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. அரசாங்க ஊழியருக்கு விதியே அப்படித்தான்.

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதெல்லாம் செல்லும் என்பதும் இல்லை. தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் தடை போட முடியாது என்கிறது வேலைச் சட்டம். விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கல்லூரியில் சேரக் கூடாது என்ற விதி, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி செல்லாது. ஆனால், மாணவர் விவரம், தேர்வுத்தாள் போன்ற இரகசியங்களைக் காக்கும் கடமை விலகிய பின்னும் தொடரும்.

எவை ஒழுங்கீனம்?

கையேட்டுக்குக் கையேடு பட்டியல் மாறும். ஆனாலும் கல்லூரிகளில் பொதுவாகச் சிக்கலாவன இவை: வருகைப் பதிவைத் திருத்துவது, நண்பருக்காகக் கார்டு தட்டுவது, பொய்யான எம்.சி., தேர்வுக் கேள்வியைக் கசியவிடுவது, மதிப்பெண்ணுக்காகப் பணமோ பொருளோ வாங்குவது, மாணவரிடம் கடன் வாங்குவது, மாணவரோடு தகாத உறவு, கல்விச் சான்றிதழில் பொய்.

நம்மவர்கள் சாதாரணமாக எண்ணும் சிலவும் இதில் சேரும். மாணவர்களின் மதிப்பெண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் சேர்த்துப் புலனக் குழுவில் போடுவது, மேலதிகாரியைப் பற்றி முகநூலில் குமுறுவது, தீபாவளி அன்பளிப்பு என்று மாணவரின் பெற்றோர் தரும் விலையுயர்ந்த பொருளை வாங்கிக்கொள்வது. பலகாரம் ஒரு டப்பா என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. கைப்பேசி என்றால் கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் மேலதிகாரிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

காரணம் கோரும் கடிதம் வந்தால்

மலாயில் "சூராட் துஞ்சோக் செபாப்" எனப்படும் இந்தக் கடிதம் வந்தாலே வேலை போய்விட்டது என்று பொருளில்லை. உங்கள் பக்கத்தைச் சொல்லக் கிடைக்கும் வாய்ப்பு அது. கடிதத்தை வாங்க மறுக்காதீர்கள். வாங்கி, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். எந்த நாள், எந்தச் செயல் என்று தெளிவில்லாவிட்டால் விவரம் கேட்டு எழுதுங்கள். அவகாசம் போதவில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். கோபத்தில் பதில் எழுத வேண்டாம்.

அடுத்தது உள் விசாரணை. ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குவதோ, பதவி இறக்குவதோ, தகுந்த விசாரணைக்குப் பிறகே செய்ய வேண்டும் என்கிறது வேலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. விசாரணைக்காக உங்களை இரண்டு வாரத்துக்கு மேல் தற்காலிக நீக்கம் செய்ய முடியாது. அந்த நாள்களுக்குக் குறைந்தது பாதிச் சம்பளம் தர வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் மீதிச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும்.

விசாரணையில் உங்கள் மீதான குற்றச்சாட்டை அறியவும், எதிர்ச் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கவும், உங்கள் சாட்சியை அழைத்து வரவும் இடம் தர வேண்டும். புகார் கொடுத்தவரே விசாரிப்பவராக இருக்கக் கூடாது. மொழி புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். நடந்ததை அன்றே வீட்டில் எழுதி வையுங்கள். படித்துப் பார்க்காத வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள்.

"விசாரணையே நடத்தவில்லை, ஆகவே நான் கட்டாயம் வெல்வேன்" என்று சிலர் நம்பி இருந்துவிடுகிறார்கள். அது தவறு. உள் விசாரணை நடக்காத குறையைத் தொழிலியல் நீதிமன்றத்தின் விசாரணை சரிசெய்துவிடும் என்று 1995இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான்றுகளை நீதிமன்றமே புதிதாகக் கேட்டு முடிவு செய்யும். உங்களிடம் உள்ள தாள்களே உங்களுக்குத் துணை.

அறுபது நாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாக நினைக்கும் தனியார் கல்லூரி ஊழியர், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். மலாயில் அது "ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன்". 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இது. விடுமுறை நாளும் கணக்கில் சேரும். மனுவுக்குக் கட்டணம் இல்லை.

கெடு கண்டிப்பானது. ஒரு ரப்பர் பொருள் உற்பத்தி நிறுவன வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 1981இலேயே இதை உறுதிப்படுத்திவிட்டது. மேலிடத்துக்கு முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முறையீட்டையும் போடுங்கள், மனுவையும் கொடுங்கள்.

நெருக்கடி கொடுத்து வாங்கிய ராஜினாமாவும் வேலை நீக்கமாகவே கருதப்படலாம். ஆனால், நெருக்கடி இருந்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு வந்தவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். காலவரையறை ஒப்பந்தம் உண்மையானதா, பெயருக்குத்தானா என்பதை நீதிமன்றம் ஆராயும். ஒரு தரவு மைய நிறுவன ஊழியர் வழக்கில் 2020இல் கூட்டரசு நீதிமன்றம் அப்படி ஆராய்ந்து ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது.

இலாகாவில் சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். அதற்கு ஈப்போவிலும் கிளை உண்டு. வென்றால் மீண்டும் வேலை அல்லது அதற்கு ஈடான இழப்பீடு கிடைக்கலாம். பின்சம்பளம் நிரந்தர ஊழியருக்கு அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு 12 மாதம்.

அரசாங்க ஊழியருக்கு இந்த வழி இல்லை. தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்ற கூட்டரசு அரசியலமைப்பின் 135ஆவது பிரிவு அவர்களுக்குக் காப்பு. நீதிமன்றச் சீராய்வுக்குக் கெடு மூன்று மாதம்.

பாலியல் தொல்லை

புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாள்களுக்குள் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்டி வைப்பதும் கட்டாயம். முதலாளி அசையாவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றம் 2024 முதல் செயல்படுகிறது. அது 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்கலாம். மாணவரும் அங்கே போகலாம். குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். தேதி, இடம், யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்" என்று வீட்டார் தடுப்பது இன்னும் நடக்கிறது. தொல்லை கொடுத்தவருக்குத்தான் அது அவமானம்.

நீங்கள் எழுதிய குறிப்பு யாருடையது?

மலேசியாவில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதி முடித்த அன்றே உரிமை பிறந்துவிடும். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை எழுதியவருக்கே. ஆனால், அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு ஒரு முக்கியமான விலக்கைச் சொல்கிறது. வேலையின் பகுதியாகச் செய்யப்பட்ட படைப்பின் உரிமை முதலாளிக்கு மாற்றப்பட்டதாகவே கருதப்படும். வேறு உடன்பாடு இருந்தால்தான் அது மாறும்.

ஆகவே பாடக்குறிப்பு, கேள்வித்தாள், பயிற்சிக் கையேடு, பதிவு செய்த விரிவுரை எல்லாம், அவற்றைத் தயாரிப்பது உங்கள் வேலை என்றால், கல்லூரிக்கே உரியவை. "இரவில் என் வீட்டில், என் கணினியில் எழுதினேன்" என்ற பதில் மட்டும் போதாது. எங்கே எழுதினீர்கள் என்பதைவிட, அது உங்கள் பணியின் பகுதியா என்பதே கேள்வி. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் பாடநூல் எழுதித் தரும் வெளியாளுக்கும் இதே நிலைதான். எழுதச் சொன்னவருக்கே உரிமை மாறும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்ய வேண்டும். அரசாங்க ஊழியர் பணியில் எழுதியதன் உரிமை அரசாங்கத்துக்கு.

மாறாக, கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் ஓய்வு நேரத்தில் எழுதும் சிறுகதைத் தொகுப்பு அவருடையதே. தோட்ட வாழ்க்கையைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கவிதை, நினைவுக் குறிப்பு எல்லாம் இப்படித்தான். தேதியுள்ள கைப்படிகளை வைத்திருங்கள். விரும்பினால் மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாமாக முன்வந்து அறிவிப்புச் செய்துகொள்ளலாம். மாணவர் ஊழியர் அல்லர். அவருடைய ஆய்வேடு, உடன்பாடு வேறு இல்லாவிட்டால், அவருக்கே சொந்தம்.

உரிமை கல்லூரிக்குப் போனாலும் ஒன்று உங்களிடமே தங்கும். அது 25ஆவது பிரிவு சொல்லும் அறம்சார் உரிமை. நீங்கள் எழுதியதை உங்கள் சம்மதமின்றி வேறொருவர் பெயரில் வெளியிடக் கூடாது. உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைக்கவும் கூடாது. துறைத் தலைவர் தம் பெயரைப் போட்டுக்கொண்டால் நீங்கள் கேள்வி கேட்கலாம்.

இன்னொன்று: சட்டம் எழுத்தைக் காக்கிறது, எண்ணத்தைக் காப்பதில்லை. நீங்கள் கற்ற அறிவும் பாடம் நடத்தும் முறையும் உங்களோடு வரும். புதிய கல்லூரியில் புதிதாக எழுதுங்கள். பழைய கோப்பைப் பெயர் மாற்றிப் போடாதீர்கள்.

பிறர் நூலை நகலெடுக்கலாமா?

"பத்து விழுக்காடு வரை போட்டோஸ்டாட் எடுக்கலாம்" என்று ஊழியர் அறைகளில் சொல்வார்கள். மலேசியச் சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. ஆராய்ச்சி, சொந்தப் படிப்பு, திறனாய்வு, செய்தி போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாடு அனுமதிக்கப்படுகிறது. நியாயமா என்று பார்க்க நான்கு அளவுகோல்கள் உண்டு: பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, நூலின் விற்பனைக்கு ஏற்படும் பாதிப்பு. ஓர் அத்தியாயத்திலிருந்து இரண்டு பக்கத்தை மேற்கோளாகக் காட்டி விளக்குவது வேறு. முழு நூலையும் ஸ்கேன் செய்து புலனக் குழுவில் போடுவது வேறு. நூலாசிரியர் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்பதும் தவறு. பெயர் போடுவது கடமை, அனுமதி ஆகிவிடாது.

டெல்லிப் பல்கலைக்கழக நகல் கடை வழக்கைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் உள்ளிட்டோர் 2012இல் தொடுத்த அந்த வழக்கில், பாடத் தொகுப்புக்காக நகலெடுக்க இந்தியச் சட்டம் இடம் தருகிறது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2016இல் சொன்னது. அது இந்தியச் சட்டத்தின் சொற்களை வைத்து வந்த தீர்ப்பு. ஈப்போவில் நகல் கடை வைத்திருப்பவருக்கு அது கவசம் ஆகாது. இங்கே உரிமை மீறிய ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

தமிழ்ப் பாடம் நடத்துவோர் ஆண்டுக் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். மலேசியாவில் ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 50 ஆண்டுகளும் பதிப்புரிமை இருக்கும். 1921இல் மறைந்த பாரதியார், 1964இல் மறைந்த பாரதிதாசன் ஆகியோரின் எழுத்துகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 1981இல் மறைந்த கண்ணதாசனின் எழுத்துகளுக்கு 2031 முடிய உரிமை உண்டு. பழைய பாடலுக்கு இன்றைய அறிஞர் எழுதிய உரை தனிப் படைப்பு. அதற்கு அவரது உரிமை தனி.

கல்லூரிப் பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டு போடுவதும் இதில் அடங்கும். இலாப நோக்கமற்ற அமைப்பு, கல்வி அல்லது அறக்காரியத்துக்காக, நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடத்தினால் விலக்கு உண்டு. இலாப நோக்கில் நடக்கும் கல்லூரி அதை நம்ப முடியாது. டிக்கெட் விற்றாலும் உரிமம் வேண்டும். விழாவைப் படம் பிடித்து யூடியூப்பில் ஏற்றுவது தனி விஷயம். அதற்குத் தனி அனுமதி தேவை.

கைக்குறிப்பு

• ஒப்பந்தம், கையேடு, சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் ஆகியவற்றின் நகலை வீட்டில் வையுங்கள்.
• சொந்தமாக நூல் எழுதுகிறீர்கள் என்றால், வேலையோடு தொடர்புள்ளதா என்று பார்த்து, கல்லூரியிடம் எழுத்தில் உடன்பாடு வாங்குங்கள்.
• வாய்மொழி அனுமதி கிடைத்தால், "இன்று நீங்கள் சொன்னபடி" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி உறுதிப்படுத்துங்கள்.
• விலகும் போது கல்லூரிக் கோப்புகளை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.
• வேலை நீக்கக் கடிதம் கிடைத்த அன்றே நாள்காட்டியில் 60ஆவது நாளைக் குறித்துவிடுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் இருக்கிறது. தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால் சங்க அதிகாரி உங்களுக்காகப் பேசலாம். இக்கட்டுரை பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்குக்கு உங்கள் தாள்களைக் காட்டித் தனியாக ஆலோசனை பெறுங்கள்.

தோட்டத்தில் நம் பெற்றோர் வாயால் வந்த விதியைக் காதால் கேட்டு வாழ்ந்தார்கள். அவர்கள் பாடுபட்டு நம்மைப் படிக்க வைத்தார்கள். அந்தப் படிப்பைக் கொண்டு முதலில் படிக்க வேண்டியது நம் வேலை ஒப்பந்தத்தைத்தான்.